ஸ்பெக்ட்ரமின் கீழ் ரேம் செத்தால்: 4116 போடலாமா, 4164 போடலாமா, மாட்யூலா?

1982-ல் சின்க்ளேர் ரிசர்ச் வெளியிட்ட இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 48கே என்ற வீட்டுக் கணினியில் மெமரி இரண்டு பங்காக இருக்கும். முதல் 16 கே 'கீழ் ரேம்', ஐசி6 முதல் ஐசி13 வரை எட்டு 4116 சிப்கள். மீதி 32 கே 'மேல் ரேம்', ஐசி15 முதல் ஐசி22 வரை எட்டு 4532. திரைக்கான மெமரி கீழ் ரேமில்தான் இருக்கிறது. அதனால் பவர் கொடுத்ததும் '© 1982 சின்க்ளேர் ரிசர்ச்' என்ற வழக்கமான எழுத்து வராமல் செங்குத்துக் கோடுகளோ கலர் கட்டங்களோ வந்து அப்படியே உறைந்து நின்றால், முதல் சந்தேகம் கீழ் ரேம் மீதுதான் போக வேண்டும். குப்பையாகவாவது படம் வருகிறதென்றால் யூஎல்ஏ சிப்பும் (திரைப் படத்தை உண்டாக்கும் முக்கிய சிப்) வீடியோ பகுதியும் வேலை செய்கின்றன என்று அர்த்தம்.

மாற்றுவதற்கு மூன்று வழிகள் உண்டு. பழைய 4116-ஐயே தேடி வாங்கிப் போடலாம், 4164-ன் கால்களைத் திருத்திப் போடலாம், அல்லது எட்டையும் கழற்றிவிட்டு ஸ்டாட்டிக் ரேம் மாட்யூல் ஒன்றைப் பொருத்தலாம். ஒன்றிரண்டு சிப் போயிருந்தால் 4164 போதும். பாதிக்கு மேல் போயிருந்தால் மாட்யூல். 4116 போடுவது, போர்டு 1982-ல் இருந்த மாதிரியே இருக்க வேண்டும் என்பவர்களுக்கு மட்டும்.

முதலில் கன்வர்ட்டர்

எந்த வழியில் போனாலும் இதைத் தாண்டிப் போக முடியாது. 4116-க்கு +5, +12, −5 என மூன்று வோல்டேஜ் வேண்டும். அடாப்டரிலிருந்து வருவதோ 9 வோல்ட் மட்டும். 7805 என்ற ரெகுலேட்டர் அதை 5 ஆக்குகிறது. மற்ற இரண்டையும் ஒரு காயில், டிஆர்4, டிஆர்5 என்ற டிரான்சிஸ்டர்கள் கொண்ட சின்ன கன்வர்ட்டர் உண்டாக்குகிறது. 4116-ன் டேட்டாஷீட்டில் ஒரு கண்டிப்பான விதி உண்டு: −5 முதலில் வர வேண்டும், கடைசியில் போக வேண்டும். −5 இல்லாத நேரத்தில் +12 இருந்தால், சிப்பின் அடித்தளத்தில் ஓடக்கூடாத மின்னோட்டம் ஓடி உள்ளே ஷார்ட் ஆகிவிடும். ஷார்ட்டான அந்தச் சிப் டிஆர்4-ஐச் சாகடிக்கும், டிஆர்4 போனால் −5 போகும், −5 போனால் அடுத்த சிப் போகும்.

ஆகவே டிஆர்4-ஐ மட்டும் மாற்றிவிட்டு பவர் போட்டால் புது டிரான்சிஸ்டரும் போகும். ரேமை மட்டும் மாற்றினால் புது ரேமும் போகும். முதலில் பவர் இல்லாமல் மல்டிமீட்டரை வைத்து, ரேமின் 8-ம் காலுக்கும் 16-ம் காலுக்கும் நடுவிலும், 1-ம் காலுக்கும் 16-ம் காலுக்கும் நடுவிலும் ரெசிஸ்டன்ஸ் பாருங்கள் (1 = −5, 8 = +12, 9 = +5, 16 = கிரவுண்ட்). ஒன்றிரண்டு ஓம் காட்டினால் ஷார்ட். எட்டும் ஒரே லைனில் இருப்பதால் எந்தச் சிப் என்று மீட்டர் சொல்லாது. கரண்ட் லிமிட் உள்ள பெஞ்ச் சப்ளை இருந்தால் 1 வோல்ட், அரை ஆம்பியருக்கு மேல் போகாதபடி வைத்து அந்த லைனுக்குக் கொடுங்கள். எந்தச் சிப் சூடாகிறதோ அதுதான் குற்றவாளி. அதை எடுத்த பிறகு டிஆர்4-க்கு இசட்டிஎக்ஸ்650, டிஆர்5-க்கு இசட்டிஎக்ஸ்213 போட்டு, பவர் கொடுத்து அளந்து பாருங்கள். +5 என்றால் 4.75 முதல் 5.25 வரை, +12 என்றால் 10.8 முதல் 13.2 வரை, −5 என்றால் −4.5 முதல் −5.5 வரை இருக்கலாம். இந்த மூன்றும் சரியாக வராமல் புது ரேமின் கவரைக்கூடப் பிரிக்க வேண்டாம்.

அடாப்டரையும் ஒரு தடவை பாருங்கள். ஸ்பெக்ட்ரமுக்கு நடு முனை மைனஸ். இப்போது கடையில் கிடைக்கும் 9 வோல்ட் அடாப்டர்களில் பெரும்பாலும் நடு முனை பிளஸ். மாற்றிச் செருகினால் மறுபடி டிஆர்4-லிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

எந்தச் சிப் என்று கண்டுபிடிப்பது

நல்ல சிப் ஒன்றைக் கெட்டதன் முதுகில் வைத்துக் காலோடு கால் தொட வைக்கும் 'பிக்கிபேக்' முறை எல்லோருக்கும் பிடிக்கும், செலவில்லை. ஆனால் கெட்ட சிப் பதிலே சொல்லாமல் சும்மா இருந்தால்தான் அது பலிக்கும். டேட்டா லைனை 0-விலோ 1-லோ பிடித்து வைத்துக்கொண்டிருந்தால் மேலே வைத்தது எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயனில்லை.

டயக்னாஸ்டிக் ரோம் கார்ட்ரிட்ஜ் இதைவிடப் பல மடங்கு நம்பகமானது. பின்னால் உள்ள எட்ஜ் கனெக்டரில் செருகினால், உள் ரோமை ஒதுக்கிவிட்டு தன் புரோகிராமை மெஷினின் பிராசசரான இசட்80-க்குக் கொடுக்கும். ரேம் சுத்தமாக வேலை செய்யாவிட்டாலும் திரையின் ஓரத்தில் வரும் பார்டர் கலர் மூலம் எந்த பிட் தவறு என்று சொல்லிவிடும். பிட் 0 என்றால் ஐசி6, பிட் 7 என்றால் ஐசி13, நடுவில் உள்ளவை வரிசைப்படி. செருகும்போதும் உருவும்போதும் பவர் பிளக் வெளியே இருக்கட்டும். அந்த எட்ஜில் +9, +12, −5 எல்லாம் வருகின்றன. பவரோடு கோணலாகச் செருகியதால் போன மெஷின்கள் ஏராளம்.

4116

கால் வளைக்க வேண்டாம், ட்ராக் வெட்ட வேண்டாம், கெட்டதைக் கழற்றிய இடத்தில் சாக்கெட் வைத்து அதில் செருகினால் முடிந்தது. 150 நானோசெகண்ட் வகையாகப் பார்த்து வாங்குங்கள். பல கம்பெனி சிப்களில் இது '-2' அல்லது '-15' என்று முடியும். குறை என்னவென்றால், வாங்குவது எல்லாமே பழசு. வேறு போர்டில் இருந்து கழற்றி, மேலே தேய்த்து புது நம்பர் அடித்தவையும் வருகின்றன. இன்றைக்கு ஓடுவது அடுத்த வருடம் ஓடும் என்பதற்கு உத்தரவாதமில்லை, கன்வர்ட்டர் ஒரு கணம் தடுமாறினால் பழைய கதைதான். இருந்தும் இதையே போடுவதானால் நாலைந்து கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

4164

இது 64 கிலோபிட் சிப், 5 வோல்ட் மட்டும் போதும். அட்ரஸ் கால்கள் 4116-ன் கால்களோடு அப்படியே ஒத்துப்போகின்றன. வேறுபாடு மூன்றே இடத்தில்: 1-ம் கால் எங்கும் இணையாதது, 8-ம் காலுக்கு +5, 9-ம் கால் ஏ7 என்ற கூடுதல் அட்ரஸ்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். 1-ம் காலையும் 8-ம் காலையும் கிடைமட்டமாக நிமிர்த்தி, மெல்லிய பகுதியைப் பாதியாக வெட்டிவிடுங்கள். 8-ம் 9-ம் கால்கள் சிப்பின் ஒரே முனையில் எதிரெதிரே இருப்பதால், இரண்டையும் சின்ன ஒயரால் இணைத்து சால்டர் செய்யுங்கள். போர்டில் 9-ல் வரும் +5 இப்போது 8-க்கும் போகும், ஏ7 எப்போதும் 1-ஆக நிற்கும். நமக்கு வேண்டியது 16 கே மட்டும் என்பதால் அது இடைஞ்சல் இல்லை. ரெஃப்ரெஷ் (சிப் மறந்துவிடாமல் வரிசை வரிசையாகத் திரும்பத் திரும்பப் புதுப்பிப்பது) கணக்கும் குழம்பாது. ஏ7 நகராததால் பயன்படுவது 128 வரிசைகள்தான், 4116-ல் இருந்ததும் அதே 128. மீதி 4116-களுக்கு நடுவில் ஒரு 4164 நிம்மதியாக உட்கார்ந்துகொள்ளும்.

பயப்பட வேண்டிய ஒரே இடம் 8-ம் கால். பாதி வெட்டாமல் சும்மா வளைத்து மட்டும் விட்டால், சிப்பை அழுத்தும்போது அது திரும்பி சாக்கெட்டில் இறங்கிவிடும். அப்புறம் +12 நேராக +5 லைனில் பாயும், இசட்80, ரோம், யூஎல்ஏ எல்லாம் அதே லைனில்தான். யூஎல்ஏ-வைத் தேடி வாங்குவது ரேம் வாங்குவது போல் எளிதல்ல. இன்னொன்று, மோட்டரோலா 6664 போன்ற சில வகைகளில் 1-ம் கால் ரெஃப்ரெஷ் உள்ளீடு. அவற்றைத் தவிர்த்து 6665 போல 1-ம் கால் காலியாக உள்ளதை வாங்குங்கள்.

மாட்யூல்

எட்டுச் சிப்களுக்குப் பதிலாக ஒரு ஸ்டாட்டிக் ரேமும் அட்ரஸைப் பிடித்து வைக்கும் லாட்ச்சும் கொண்ட சின்ன போர்டு. 5 வோல்ட் மட்டும் எடுக்கும், கொஞ்சமே சூடாகும், ரெஃப்ரெஷ் தேவையில்லை. ஆனால் போடுவதற்கு எட்டு இடத்தையும் காலி செய்ய வேண்டும். 128 கால்களை சால்டர் நீக்குவதில்தான் ஸ்பெக்ட்ரம் போர்டு கெடுகிறது, இதன் பேடுகள் சூடு தாங்காமல் எழும்பிவிடும். முழுச் சிப்பை உருவாதீர்கள். உடலை ஒட்டி எல்லாக் கால்களையும் கட்டரால் வெட்டுங்கள், ஒவ்வொரு காலாகச் சூடாக்கி ட்வீசரால் எடுங்கள், கடைசியில் துளையை உறிஞ்சியால் சுத்தம் செய்யுங்கள். ஏற்கனவே எல்லாவற்றுக்கும் சாக்கெட் போட்ட போர்டாக இருந்தால் இந்தச் சிரமம் இல்லை, அப்போது மாட்யூலுக்கு மவுசு கூடும்.

மாட்யூல் போட்டதால் கன்வர்ட்டரை மறந்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கலர் தரும் எல்எம்1889 சிப்புக்கு இன்னும் +12 வேண்டும். அது இல்லாவிட்டால் மெஷின் ஓடும், கலர் வராது.

மேல் ரேமில் இந்தத் தர்க்கமெல்லாம் கிடையாது. 4532 என்பதே பாதி மட்டும் தேறிய 64 கே சிப், 5 வோல்ட்டில் ஓடுவது. கெட்டதை எடுத்துவிட்டு 4164-ஐ அப்படியே செருகலாம், தேறிய பாதி எது என்று போர்டில் தேர்வு செய்யும் லிங்க் எந்தப் பக்கம் இருந்தாலும் ஒத்துக்கொள்ளும்.

எல்லாம் முடிந்தபின் மேல் மூடியையும் மாட்டி, டயக்னாஸ்டிக் ரோமை ஒரு மணி நேரமாவது சுழல விடுங்கள். சூடானால் மட்டும் தவறும் சிப்கள் அப்போதுதான் பிடிபடும். பிறகு ரோமைக் கழற்றிவிட்டு பேசிக் மொழியில் பிரிண்ட் பீக் 23732 + 256 * பீக் 23733 என்று கேளுங்கள். 65535 வந்தால் 48 கே முழுதாக இருக்கிறது. 32767 வந்தால் கீழ் ரேம் தேறிவிட்டது, வேலை மேல் ரேமில் பாக்கி.