மீண்டும் எழுத: நோட்டுப் புத்தகமா, நாளிதழா, முகநூலா, வலைப்பூவா?

மலேசியாவின் இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் தமிழ் இலக்கியம் எடுத்தவர்கள், பள்ளி மலரில் கவிதை எழுதியவர்கள் பலர் பினாங்கில் எனக்குப் பழக்கம். இன்று அவர்கள் எழுதுவதெல்லாம் அலுவலக மின்னஞ்சலும் குடும்பக் குழுவுக்கு அனுப்பும் வாழ்த்தும்தான். மறுபடி எழுத ஆசையாக இருக்கிறது, எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்கள். தனி வலைப்பூவில் தொடங்குங்கள் என்பேன். மற்ற வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே இதைச் சொல்கிறேன்.

நாட்குறிப்பு நோட்டுக்குச் செலவில்லை, கடவுச்சொல் இல்லை, யாருக்கும் பயப்பட வேண்டியதும் இல்லை. ஆனால் நமக்கு மட்டும் எழுதும்போது எதையும் விளக்க வேண்டியிருக்காது. "மழை. பாலத்தில் நெரிசல்" என்று எழுதி மூடிவிடுவோம். அந்த நெரிசலைப் பார்க்காத ஒருவருக்கு அதை எப்படிக் காட்டுவது என்று யோசிக்கத் தொடங்கும்போதுதான் எழுத்து ருசிக்கிறது. குறிப்பெடுக்க நோட்டை வைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

நாளிதழ்களின் ஞாயிறு பதிப்பின் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. இந்நாட்டுத் தமிழ் எழுத்து அங்கேதான் வளர்ந்தது. 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசனில் எத்தனையோ பேரின் முதல் கதை வந்திருக்கிறது. பெயர் அச்சில் வருவதைப் பார்க்கும் மகிழ்ச்சிக்கு ஈடு இல்லை. ஆனால் நீண்ட இடைவெளிக்குப் பின் எழுத வருபவருக்குக் காத்திருப்பு கடினம். அனுப்பியது வந்ததா, பிடித்ததா, குப்பைக்குப் போனதா என்று தெரியாமலே மாதங்கள் கழிந்தால் அடுத்ததை எழுதக் கை வராது. கை நன்றாகப் பழகிய பிறகு அனுப்பலாம்.

முகநூலில்தான் நம்மவர்கள் பெரும்பாலோர் எழுதுகிறார்கள், வாசகர்களும் அங்கேயே இருக்கிறார்கள். அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. தைப்பூசத்துக்கு முதல் நாள் லெபோ பினாங்கு தெருவில் உள்ள கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக் கோவிலுக்கு முருகனின் வெள்ளி ரதம் புறப்படும்போது வழியெங்கும் தேங்காய் உடைப்பார்கள். சீனர்களும் மலைபோல் குவித்து வைத்து உடைப்பார்கள். அதைப் பற்றி முகநூலில் ஒரு படமும் சில வரிகளும் போட்டேன். விருப்பக்குறிகள் குவிந்தன, மறுநாளே பதிவு கீழே போய்விட்டது. அதே காட்சியை வலைப்பூவுக்காக எழுத உட்கார்ந்தபோது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ரதம் வருவதற்குள் சிதறிய ஓடுகளை வாரித் தள்ளி வழி செய்யும் தொழிலாளர்கள், தேங்காய்த் தண்ணீரில் வழுக்கும் சாலை, வெறுங்காலில் குத்தும் சில்லு, வெயில் ஏறியதும் எழும் புளித்த வாடை. பாதியில் நிறுத்தி வரைவாகச் சேமித்தேன். மறுநாள் திறந்து முதல் பத்தியை நீக்கினேன், கட்டுரை நிமிர்ந்து நின்றது. யாரும் பார்க்காத நேரத்தில் இப்படி வெட்டியும் ஒட்டியும் பார்ப்பதில் எனக்குக் கிடைக்கும் நிறைவு எந்த விருப்பக்குறியிலும் கிடைத்ததில்லை.

சப்ஸ்டாக் போன்ற மின்மடல் சேவைகளும் உண்டு. சந்தாதாரர் எண்ணிக்கை கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும், இந்த வாரம் அனுப்பவில்லையே என்ற நெருக்கடியும் வரும். தொடங்குபவருக்கு இப்போது வேண்டாம்.

வலைப்பூ என்று முடிவானால் அதற்கு இடம் தரும் சேவைகளில் பிளாகரா, வேர்ட்பிரஸா? வேர்ட்பிரஸ் அழகானது, வசதிகள் அதிகம். ஆனால் அதன் இலவசத் தளத்தில் நிறுவனம் விளம்பரம் போடும். இணையத்தில் சொந்த இடம் வாங்கினால் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும், மென்பொருளையும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். தளத்தின் தோற்றத்துக்கு வார்ப்புரு தேடுவதிலேயே எழுதும் ஆர்வம் கரைந்துபோகும். 1999இல் பிறந்து 2003இல் கூகுள் வாங்கிய பிளாகர் பழைய தோற்றம்தான். ஆனாலும் இலவசம், நாமாகச் சேர்க்காவிட்டால் விளம்பரம் வராது. மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலியைக் கைப்பேசியில் வைத்திருந்தால் எல்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே ஒரு பத்தி தட்டிவிடலாம். தொடக்கத்தில் பின்னூட்டப் பெட்டியை மூடி வையுங்கள். முகவரியை உண்மையாகப் படிக்கக்கூடிய நான்கைந்து பேருக்கு மட்டும் கொடுங்கள். வெளியே தெரியத் தயக்கமாக இருந்தால், நீங்கள் அழைப்பவர்கள் மட்டுமே படிக்கும்படி பூட்டவும் பிளாகரில் வழி இருக்கிறது.

பிளாகரிடம் எனக்குள்ள ஒரே அச்சம் கூகுளின் பழக்கம்தான். 2013இல் ரீடர் என்ற வலைப்பதிவு வாசிப்புச் சேவையையும் 2019இல் கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளத்தையும் மூடிய நிறுவனம் அது. ஆகவே அமைப்புகள் பகுதிக்குப் போய் அவ்வப்போது காப்புநகலைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பில் எழுத்து இருக்கும், படங்கள் வராமல் போகலாம். படங்களைக் கணினியில் தனியாகச் சேமித்து வைக்க வேண்டும்.