சலங்கையைக் கழற்றாமல் முதுகலை: காரைக்குடி டான்ஸ் டீச்சருக்கு எது ஒத்துவரும்?

பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரி தேடுபவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் ஏற்கெனவே பரதநாட்டிய கிளாஸ் நடத்திக்கொண்டு, கோயில் திருவிழாவிலும் கானாடுகாத்தான் ஹோட்டல் முற்றத்திலும் ஆடிக்கொண்டு, "நடன அமைப்பில் (கோரியோகிராஃபி) ஒரு முதுகலை பண்ணினால் என்ன" என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது ஃபீஸ். நான் முதலில் பார்க்கச் சொல்வது காலண்டரை. நம் வருமானம் மாதச் சம்பளம் போல வருவதில்லை. விஜயதசமிக்குப் புதுப் பிள்ளைகள் சேர்வார்கள். அதற்கு முந்தைய ஒன்பது நாளும் கொலு மேடைகள். ஜனவரி, பிப்ரவரியில் ஸ்கூல் ஆண்டு விழாக்கள். கையில் கொஞ்சம் காசு தங்குவதே அப்போதுதான். பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடி, கோடை லீவில் சம்மர் கிளாஸ், ஆவணியில் பிள்ளையார்பட்டிச் சதுர்த்தி. சற்று மூச்சு விட முடிவது ஆனியும் ஆடியும்தான். ஒரு விஜயதசமிக்கு நீங்கள் ஊரில் இல்லையென்றால் அந்த வருஷத்துப் பிள்ளைகள் அடுத்த தெரு கிளாஸில் சேர்ந்திருப்பார்கள். திரும்பி வரமாட்டார்கள், நீங்கள் லண்டனில் படித்தவராகவே இருந்தாலும்!

பக்கத்தில் உள்ளவை

திருச்சி கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரி பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தூரம். நேரடி வகுப்பு, பரதத்தில் முதுகலை. இன்னொரு வழி தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தின் தொலைநிலை எம்.எஃப்.ஏ. (நுண்கலை முதுகலை); கிளாஸை மூடாமல் படிக்கலாம் என்பதால் வேலையில் இருப்பவர்கள் பலர் அந்தப் பக்கம் போகிறார்கள். தொலைநிலைப் படிப்பு எதுவானாலும், நீங்கள் சேரும் ஆண்டில் யுஜிசியின் தொலைநிலைக் கல்வி அனுமதிப் பட்டியலில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். போன வருஷம் இருந்தது என்பது போதாது.

இந்தப் பட்டங்களின் பலம் வேலைக் கதவு. முதுகலையில் 55 சதவீதம் (இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50) இருந்தால் கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தகுதித் தேர்வான நெட் எழுதலாம். நடனம், நாடகம், அரங்கம் மூன்றும் அதில் ஒரே பாடம். நாடகக் கேள்விகளுக்கும் சேர்த்துத் தயாராக வேண்டும். கல்லூரி வேலைதான் குறி என்றால் இதற்கு மேல் யோசிக்க வேண்டாம், பக்கத்தில் இருப்பதே சரி.

ஆனால் இவை பரதத்தில் பட்டங்கள். மார்க்கத்து (கச்சேரி வரிசை) உருப்படிகள், சாஸ்திர நூல்கள், தாளம், நட்டுவாங்கம் எல்லாம் ஆழமாகக் கிடைக்கும். புதிதாக ஒன்றை அமைக்கும் வேலை பாடத்திட்டத்தில் ஓரமாகத்தான் நிற்கும்.

அந்த வேலை என்னவென்று ஒரு கோயில் மண்டபத்தை வைத்துச் சொல்கிறேன். எட்டுப் பெண்கள், ஒரு கௌத்துவம் (கடவுளைப் போற்றி ஆடும் உருப்படி). இடது பக்கம் கல்தூண் மறைக்கிறது, அதனால் நுழைய வலது பக்கம் ஒன்றுதான் வழி. முன்வரிசை முழுமண்டியில் (முட்டியை முழுதாக மடக்கி) உட்கார்ந்தால்தான் பின்வரிசையின் கை தெரியும். ஆனால் ஜதி (சொற்கட்டு) அங்கே நான்கு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) ஓடுகிறது, பன்னிரண்டு வயதுப் பிள்ளை அவ்வளவு நேரம் முழுமண்டியில் நிற்காது. ஜதியை வெட்டுவதா, வரிசையை மாற்றுவதா, இல்லை முன்வரிசையைப் பாதியிலேயே வெளியே அனுப்பிவிடுவதா? அனுப்பினால் உள்ளே வருகிறவர்கள் எப்படி வருவார்கள்? வழிதான் ஒன்றாயிற்றே. நாம் எல்லோரும் இதைக் கைப்பழக்கத்தில் சமாளிக்கிறோம். இதையே முறையாகப் படிக்க வேண்டுமென்றால் கொஞ்ச தூரம் போகத்தான் வேண்டும்.

கொஞ்சம் தூரத்தில்

சென்னை என்றதும் கலாக்ஷேத்ரா ஞாபகம் வரும். 1936-ல் ருக்மிணி தேவி தொடங்கியது. நம்மூர் வீணை வித்வான் காரைக்குடி சாம்பசிவ ஐயர் அங்கே போய்ச் சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்பதில் நமக்கு ஒரு பெருமையும் உண்டு. 1944-ல் வந்த குற்றாலக் குறவஞ்சி முதல் கூட்டமாக ஆடும் நாட்டிய நாடகத்துக்கு அவர்கள் வகுத்த ஒழுங்கு பெரிது. ஆனால் அது டிப்ளமோ, அதற்குப் பின் போஸ்ட் டிப்ளமோ என்று போகும் பாதை, முழுநேரம். பல்லவன் ரயில் ஏறினால் மதியம் எழும்பூர் என்பது உண்மைதான், வாரம் ஆறு நாள் பல்லவன் ஏற முடியாதே.

பெங்களூரில் மாயா ராவின் நிறுவனம் உண்டு. மாஸ்கோவில் நடன அமைப்பு படித்துவிட்டு வந்து 1964-ல் டெல்லியில் தொடங்கி, 1987-ல் பெங்களூருக்கு மாற்றினார். நடன அமைப்பையே தனிப் பாடமாக்கியதில் அவர் முன்னோடி. ஆனால் அது இளங்கலைப் படிப்பால் பேர் வாங்கிய இடம், முதுகலை தேடுகிற நமக்கு அரைப் பொருத்தம்தான். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் முதுகலையில் பரதமும் குச்சிப்புடியும் உண்டு. நல்ல இடம், இரண்டு வருஷம், ஹாஸ்டல் வாழ்க்கை.

உள்நாட்டில் நம் கேள்விக்கு மிக நெருங்கி வந்தது டெல்லி அம்பேத்கர் பல்கலைக்கழகம், கதி டான்ஸ் ஃபோரத்துடன் சேர்ந்து 2018-ல் தொடங்கிய எம்.ஏ. நீங்கள் கொண்டுபோகும் பரதத்தை மெருகேற்றுவது அங்கே நோக்கமில்லை. அதை வைத்து நீங்கள் என்ன உண்டாக்குகிறீர்கள் என்பதுதான் கேள்வி. பாட்டும் ஜதியும் இல்லாமல் மேடையில் நிற்கச் சொன்னால் பதறுகிறவர்களுக்கு முதல் பருவம் கஷ்டம். வாசிப்பும் கட்டுரையும் ஆங்கிலத்தில். கஷ்டம் என்பதற்காகத் தவிர்க்க வேண்டாம். நமக்குப் பழக்கமில்லாத இந்தப் பயிற்சிக்குத்தான் அவ்வளவு தூரம் போவது.

கடல் தாண்டி

லண்டன் டிரினிட்டி லேபனில் நடன அமைப்புக்கென்றே எம்.ஏ. இருக்கிறது. முழுநேரமாகப் படித்தால் ஒரு வருஷம், அதாவது ஒரே ஒரு விஜயதசமி போகும். செலவு லட்சங்களில், கடன் வாங்காமல் நடக்காது. நடன அமைப்புப் பட்டத்தைக் காட்டிக் காரைக்குடியில் யாரும் மாதக் கட்டணத்தைக் கூட்டிவிட முடியாது. அந்தக் கடனை இந்த ஊர் வருமானத்தில் அடைக்கும் கணக்கு எனக்குப் புலப்படவில்லை.

கோரியோமுண்டஸ் வேறு ரகம். நார்வே, பிரான்ஸ், ஹங்கேரி, பிரிட்டன் என நான்கு நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் இரண்டு வருஷ முதுகலை, ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் திட்டத்தில் வருவது. உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ, படிப்புக் கட்டணமும் இல்லை. ஆனால் அது நடனத்தைப் பண்பாடாக, மரபாக ஆராயும் படிப்பு. செட்டிநாட்டுக் கும்மியையும் கோலாட்டத்தையும் பதிவு செய்து எழுத ஆசைப்படுகிறவருக்கு லட்டு மாதிரி வாய்ப்பு. மேடையில் அமைக்க ஆசைப்படுகிறவர் அங்கே போய் ஏமாற வேண்டாம்.

அமெரிக்காவில் வேலையில் இருக்கும் ஆட்டக்காரர்களுக்காகவே குறுகிய வதிவு எம்.எஃப்.ஏ.க்கள் வந்திருக்கின்றன. கோடையில் சில வாரம் நேரில், மற்ற மாதங்கள் வீட்டிலிருந்து. உங்கள் கிளாஸில் நீங்கள் அமைப்பதே உங்கள் பாடவேலை. காலண்டரை வைத்துப் பார்த்தால் நமக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும், அவர்கள் கோடை நம் ஆனி ஆடி. அங்கே எம்.எஃப்.ஏ. என்பது கல்லூரியில் கற்பிக்கப் போதுமான உச்சப் பட்டம் என்பதும் சேர்த்தி. முட்டுக்கட்டை விசா. எஃப்-1 (மாணவர் விசா) வைத்திருப்பவருக்கு ஒரு பருவத்தின் முழுப் பாடச்சுமையில் ஆன்லைன் வகுப்பு ஒன்றுதான் கணக்கில் சேரும்; பெரும்பகுதி வீட்டிலிருந்து நடக்கும் படிப்பு அதற்குள் அடங்குவது கடினம். வெளிநாட்டு மாணவருக்கு ஐ-20 (விசாவுக்காகக் கல்லூரி தரும் படிவம்) தருவார்களா என்று மின்னஞ்சலில் எழுதிக் கேட்டுப் பதில் வாங்கிய பிறகே விண்ணப்பக் கட்டணம் கட்டுங்கள்.

பட்டமே இல்லாமல்

இந்த வழியை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. மத்திய கலாசார அமைச்சகத்தின் ஜூனியர் ஃபெல்லோஷிப், 25 முதல் 40 வயது வரை, மாதம் 10,000 ரூபாய், இரண்டு வருஷம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு சீனியர், 20,000. திட்டத்தை எழுதிக்கொடுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை அனுப்பினால் போதும்; ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதி இருக்க, காரைக்குடியில் சா. கணேசன் 1939-ல் தொடங்கிய கம்பன் கழகம் இருக்க, திட்டத்துக்குப் பொருள் தேடி நீங்கள் அலைய வேண்டாம். இடையில் ஓர் ஆடி மாதம் ஆரோவில் பக்கத்து ஆதிசக்தியின் தங்கிப் பயிலும் பட்டறைக்குப் போய்வரலாம். மூச்சையும் குரலையும் உடம்போடு சேர்த்துப் பழக்குவார்கள், அடவு தெரிந்த உடம்புக்கு அது நன்றாகப் பிடிபடும்.

என் தீர்ப்பு இதுதான். முப்பதுக்குள், கிளாஸில் பத்துப் பிள்ளைக்கும் குறைவு என்றால் டெல்லி; அந்த எம்.ஏ.வுக்கு இப்போதும் சேர்க்கை நடக்கிறதா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். போய்விட்டு வந்து மறுபடி ஆரம்பிக்க வயசு இருக்கிறது. கிளாஸ் நன்றாக ஓடுகிறது, வீட்டில் பொறுப்பும் இருக்கிறது என்றால் தொலைநிலை எம்.எஃப்.ஏ.வைப் பட்டத் தாளுக்காகவும், ஃபெல்லோஷிப்பை அமைக்கும் பயிற்சிக்காகவும் எடுங்கள். இரண்டும் சேர்ந்தாலும் லண்டன் செலவில் சிறு பங்குதான் ஆகும்.

எதில் சேர்ந்தாலும் முதல் வேலையாக ஒத்திகைக்கு இடம் பாருங்கள். வீட்டுப் பட்டாலையில் ஆத்தங்குடிக் கல் பார்க்க அழகு, காலைத் தட்டி ஆடும் தட்டடவுக்கு அது எமன். சிமெண்ட் கல், துளி இளக்கம் கிடையாது. ஒரு மணி நேரக் கிளாஸுக்குத் தாங்கும் முட்டி, தினம் நாலு மணி நேரம் புதுசாகப் போட்டுப் பார்க்கும் வேலைக்குத் தாங்காது. பழைய தேக்குப் பலகை நம் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும். ஆசாரியிடம் சொல்லி அடியில் ரப்பர் துண்டு வைத்துப் பத்துக்குப் பத்து மேடை ஒன்று அடித்துக்கொள்ளுங்கள்.