இத்தாலிய வினைச்சொற்களின் அழுத்தம்: அகராதியோடு சில ஆண்டுகள்

இத்தாலிய மொழியைத் தாமாகவே படிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: உச்சரிப்புக்கு வினைத்திரிபு அட்டவணைகளை நம்பாதீர்கள். சில ஆண்டுகளாக நான் புரட்டுவது இத்தாலியச் சொல்லுக்கு இத்தாலியிலேயே பொருள் தரும் அகராதியைத்தான்.

இத்தாலியச் சொல்லில் ஓர் அசை ஓங்கி ஒலிக்கும்; அதுவே அழுத்தம். ஈற்றசையில் அழுத்தம் விழும் பல அசைச் சொற்களுக்கும் சில ஓரசைச் சொற்களுக்கும் மட்டுமே இத்தாலிய எழுத்தில் அழுத்தக்குறி கட்டாயம். மற்றவற்றை வாசகரே அறிந்திருக்க வேண்டும். பெர்தொனாரெ (மன்னித்தல்), தெலெஃபொனாரெ (தொலைபேசுதல்) இரண்டும் ஒரே மாதிரி முடிகின்றன. ஆனால் தன்மை ஒருமையில் ஒன்று பெர்தோனொ, மற்றது தெலேஃபொனொ. எந்த அட்டவணையும் இதை ஊகிக்க உதவாது. நல்ல அகராதியோ தலைச்சொல்லை அடுத்து, அடைப்புக்குறிக்குள், அந்தத் தன்மை ஒருமை வடிவத்தை அழுத்தக்குறியோடு தந்துவிடுகிறது.

அந்த ஒரு வடிவம் போதும். நிகழ்காலத்தில் மூன்று ஒருமைகளும் படர்க்கைப் பன்மையும் அதே அசையைப் பிடித்துக்கொள்கின்றன. 'நாம்', 'நீங்கள்' வடிவங்களில்தான் அழுத்தம் விகுதிக்கு நகர்கிறது. எனவே தெ-லே-ஃபொ-ன-னொ (தொலைபேசுகிறார்கள்) என்பதில் அழுத்தம் கடைசியிலிருந்து நான்காம் அசையில் நிற்கிறது. அட்டவணையை மட்டும் பார்த்துப் படித்தவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள். அழுத்தம் மாறினால் பொருளும் மாறும்: பெர்தோனொவுக்கு (மன்னிக்கிறேன்) இத்தாலியில் எழுதும் அதே எழுத்துகளை, பெர்தொனொ என முதலசையை அழுத்திச் சொன்னால் 'இழக்கிறார்கள்'.

நம் எழுத்தில் குறித்துக்கொள்ள எனக்குக் கைகொடுப்பது நெடில். ஈற்றயலில் (கடைசிக்கு முந்தைய இடத்தில்) அழுத்தம் பெறும் திறந்த அசை, அதாவது உயிரில் முடியும் அசை, இத்தாலியில் உண்மையிலேயே நீள்கிறது. இரட்டை மெய்க்கு முன் இது செல்லாது. லெஜ்-ஜெ-ரெ (வாசித்தல்) குறிலாகவே நிற்கும். அங்கே அசை பிரிவது 'எட்-டு' போலத்தான், தமிழ்க் காதுக்குச் சிரமமே இல்லை. வரியிறுதியில் பிரித்து எழுதும்போது மட்டும் கவனம் தேவை: ரெ-ஸ்தா-ரெ (தங்குதல்) என்று 'ஸ்' அடுத்த அசையோடு போகும்.

-எரெ என முடியும் வினைகளுக்கு மூலவடிவத்தையே அகராதியில் பார்த்துவிடுங்கள். வெதேரெ (பார்த்தல்) ஈற்றயலில் அழுத்தம் பெறும். பிரெந்தெரெ (எடுத்தல்) முதலசையில்.

ஒலியைக் கேட்க வேண்டுமானால், இத்தாலியின் ராய் ஒலிபரப்பு நிறுவனம் 1969-இல் முதலில் வெளியிட்ட உச்சரிப்பு அகராதி இப்போது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வலுதாரெ (மதிப்பிடுதல்) போன்ற சொற்களுக்கு அதைத் திறந்து பாருங்கள். இதன் தன்மை ஒருமையில் இத்தாலியர் பலரே முதலசையை அழுத்துகிறார்கள். செம்மையான வடிவம் வலூதொ.