பாத்திரம் கொண்டுபோய் வாங்கும் மளிகைக் கடை: வேளச்சேரியிலிருந்து ஒரு மதிப்பீடு

வேளச்சேரி ரயில் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில், பொருள்களை உறையில் கட்டித் தராமல், வாடிக்கையாளர் கொண்டுவரும் பாத்திரத்திலேயே அளந்து போடும் சிறிய மளிகைக் கடை ஒன்று இருக்கிறது. கணவனும் மனைவியுமாக நடத்துகிறார்கள். விளம்பரத்தை விரும்பாதவர்கள் என்பதால் கடையின் பெயரைத் தவிர்த்துவிட்டேன். எங்கள் வீட்டு மளிகையில் பெரும்பகுதி இப்போது அங்கிருந்துதான் வருகிறது. விலை கட்டுப்படியாகுமா, சுத்தமாக இருக்குமா என்று கேட்பவர்களுக்கும், ஒரு கடை இப்படி விற்பதால் இயற்கைக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று ஐயப்படுபவர்களுக்கும் என் அனுபவம் பயன்படக்கூடும்.

வாங்கும் முறை எளிது. நாம் கொண்டுபோகும் தூக்கையோ டப்பாவையோ முதலில் வெறுமையாகத் தராசில் வைத்து, எண் பூஜ்யத்துக்கு வந்த பிறகே பொருளைப் போடுகிறார்கள். எடை காட்டும் திரை நம் பக்கமாகத் திரும்பியிருப்பதால் சந்தேகத்துக்கு இடமில்லை. பாத்திரம் ஈரமாக இருந்தால் எதையும் போட மறுத்துவிட்டு, துணியால் துடைத்து, மின்விசிறிக்கு அடியில் சிறிது நேரம் கவிழ்த்துவைக்கிறார்கள். "ஈரத்துல போட்டா நாலே நாள்ல பருப்பு கெட்டுப்போயிடும், அப்புறம் கடையத்தான சொல்வீங்க" என்றார் கடைக்கார அம்மா. இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

சமையல் எண்ணெயை உதிரியாக விற்க உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் இடம் தருவதில்லை. ஆகவே செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் மூடி முத்திரையிட்ட கண்ணாடிப் பாட்டில்களில் வருகின்றன. பாட்டிலுக்குத் தனியாக முன்பணம் வாங்கிக்கொண்டு, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும்போது கழித்துக்கொள்கிறார்கள். மசாலாத் தூள்களை இவர்கள் விற்பதே இல்லை என்பதால் மிளகாயும் மல்லியும் முழுதாக வாங்கி, மொட்டை மாடியில் காயவைத்து, மாவு மில்லில் அரைத்துக்கொள்கிறோம். சாம்பாரின் மணம் கூடியிருப்பதாக வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள்.

இத்தகைய கடைகளை எடைபோட, முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தைப் பார்ப்பதே சரியென்று நினைக்கிறேன். வாடிக்கையாளர் கண்ணில் படாத இடத்தில் பிளாஸ்டிக் உறைகளைக் கிழித்துக் கொட்டி, முன்னால் கண்ணாடி ஜாடிகளை அடுக்கிவைத்தால் குப்பை குறையாது. கை மாறும், அவ்வளவுதான். கிடங்கைப் பார்க்கலாமா என்று கேட்டபோது கடைக்காரர் தயங்காமல் அழைத்துச் சென்றார். அரிசியும் பருப்பும் மூட்டைகளில் இருந்தன. சில சணல் சாக்குகள், பெரும்பாலானவை பிளாஸ்டிக் இழையில் நெய்தவை, காலியானதும் இவற்றைப் பழைய சாக்கு வியாபாரி எடுத்துச்செல்கிறார். பாத்திரம் துலக்கும் சோப்புக் கரைசலும் தரை துடைக்கும் திரவமும் பெரிய கேன்களில் வந்து, அதே கேன்களில் மீண்டும் நிரம்ப, தயாரிப்பாளரிடமே திரும்புகின்றன. உப்பை மட்டும் கம்பெனிப் பாக்கெட்டில்தான் விற்கிறார்கள், வேறு வழி கிடைக்கவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். குறையை மறைக்காத இந்தப் பேச்சினால் கடையின் மீது என் மதிப்பு உயர்ந்தது.

தூக்கியெறியும் உறை எங்கே போய்ச் சேருகிறது என்பதை அறிய, இந்தப் பகுதியில் வசிப்பவர்கள் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் சுமார் 1,248 ஹெக்டேர் பரப்பு 2022-இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அந்தச் சதுப்பின் ஓரத்தையே பெருங்குடிக் குப்பைக் கிடங்கு பல்லாண்டுகளாக விழுங்கி வந்திருக்கிறது. அதே ஆண்டு ஏப்ரலில் கிடங்கு தீப்பற்றி நாள்கணக்கில் புகைந்தது. பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும்போது மண் ஒருபுறம் ஒதுங்க, மக்காத பிளாஸ்டிக் தாள்கள் சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போகின்றன. தென்சென்னையின் மழைநீரை வாங்கி, தேக்கி, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழியாக வெளியேற்றும் நிலம் சுருங்கினால் என்ன நேரும் என்பதை 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரிக்காரர்கள் தங்கள் வீட்டுக்குள்ளேயே பார்த்துவிட்டோம். சூடாகும் கடலும் காற்றும் கனமழையை மேலும் கனமாக்கும் காலத்தில், அந்த நீர் இறங்க வேண்டிய இடத்தை நாம் குப்பையால் அடைத்துவைத்திருக்கிறோம். பிளாஸ்டிக்கும் பெரும்பாலும் கச்சா எண்ணெயிலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் பிறப்பதுதான். 2019-இல் உலகின் பசுமைக்குடில் வாயு வெளியீட்டில் 3.4 சதவீதம் பிளாஸ்டிக்கின் உற்பத்தி முதல் அழிவு வரையிலான பயணத்திலிருந்து வந்ததாக, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட ஓஈசிடி என்ற பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பு கணக்கிட்டிருக்கிறது.

இனி குறைகள். துவரம் பருப்பும் உளுந்தும் சூப்பர்மார்க்கெட்டைவிடக் கிலோவுக்குப் பத்து ரூபாய் வரை கூடுதல். பெரிய நிறுவனங்கள் பாக்கெட்டுக்குத் தரும் தள்ளுபடி, மூட்டையில் வாங்கும் சிறு கடைக்குக் கிடைப்பதில்லை. இருப்பு என்றைக்கு வந்தது என்ற தேதி எந்த ஜாடியிலும் இல்லை. மழைக்காலத்தில் ஒருமுறை கோதுமை ரவையில் வண்டு இருந்தது. எதிர்வாதம் செய்யாமல் மாற்றிக்கொடுத்தார்கள் என்றாலும், தேதி எழுதுவது பெரிய வேலை அல்ல. அவசியம் செய்ய வேண்டும்.

இதைவிட ஆழமான குறை கடையினுடையது அன்று. அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்தினர் கையில் உள்ள காசுக்கு ஏற்ப ஒரு ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் சிறு பாக்கெட் வாங்குகிறார்கள். ஷாம்பூவை அப்படி எல்லோருக்கும் எட்டும்படி செய்த முயற்சி நம் கடலூரில்தான் தொடங்கியது, அதன் நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் பல அடுக்குகளை ஒட்டிச் செய்த அந்த உறையைப் பிரித்து மறுசுழற்சி செய்வது மிகக் கடினம். அதை வாங்கும் ஏழைப் பெண்ணைப் பொறுப்பற்றவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. தயாரித்தவரே தன் உறைக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று மத்திய அரசு 2022-இல் விதிகளை வகுத்தது சரியான திசை. நீலகிரியில் நீதிமன்ற உத்தரவின்பேரில் மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தபின், பெரும்பாலான பாட்டில்கள் காட்டுக்குள் போகாமல் கடைக்கே திரும்பின. எங்கள் கடையின் எண்ணெய்ப் பாட்டில் முன்பணமும் அதே ஏற்பாடுதான்; ஒரு தம்பதி தங்கள் சொந்தச் செலவில் நடத்திக் காட்டுவதைப் பெரிய நிறுவனங்களால் செய்ய முடியாது என்பதை நான் ஏற்கவில்லை. நாடுகளும் தங்கள் பங்கைச் செய்தாக வேண்டும். பிளாஸ்டிக் மாசுக்கு எதிரான உலக ஒப்பந்தம் ஒன்றை உருவாக்க 2022-இல் நைரோபியில் ஒப்புக்கொண்ட நாடுகள், 2024-இல் பூசானிலும் 2025 ஆகஸ்ட்டில் ஜெனீவாவிலும் உடன்பாடு காணாமலே கலைந்தன. உற்பத்திக்கே வரம்பு வேண்டுமா என்பதே அங்கு முக்கிய இழுபறி. வரம்பு வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

புதிதாகச் செல்பவர்கள் பருப்பு வகைகள், சிறுதானியம், எண்ணெய், சோப்புக் கரைசல் ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். பருப்பின் விலை சற்றுக் கூடினாலும் இவற்றின் தரம் திருப்தியாக இருக்கிறது. ரவையையும் மாவையும் மழைக்காலத்தில் கால் கிலோ, அரைக் கிலோவாக மட்டும் வாங்குங்கள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் மிகுதி, வார நாளின் பிற்பகலே வசதி. மூடி இறுக்கமான, நன்கு காய்ந்த பாத்திரங்களை எடுத்துச்செல்லுங்கள். மறந்து போனவர்களுக்குத் துணிப்பையும் கழுவிய பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களும் கடையிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன.