16 அணி, ஒரு லட்சம் ரூபாய்: நாக்-அவுட்டா, ரேட்டிங்கா, ஸ்விஸ்ஸா?

ஐந்து பேர் ஆடும் ஷூட்டர் ஆட்டம், வேலரன்ட் அல்லது கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 அணிகள், ஸ்பான்சர் தந்த ஒரு லட்சம் ரூபாய், கையில் இருப்பது ஒரே ஞாயிற்றுக்கிழமை. கல்லூரி விழாவானாலும் மாவட்ட அளவுப் போட்டியானாலும் கணக்கு ஏறக்குறைய இதற்குள்தான் வரும். நடத்த மூன்று வழிகள் உண்டு. தோற்றால் வெளியே என்கிற நாக்-அவுட் ஒன்று. பழைய ஆட்டங்களை வைத்து எலோ மாதிரி ரேட்டிங், அதாவது ஒவ்வோர் அணியின் பலத்தைக் காட்டும் ஓர் எண், போடுவது இன்னொன்று. யாரும் வெளியேறாமல் எல்லோரும் எல்லாச் சுற்றும் ஆடும் ஸ்விஸ் மூன்றாவது.

என் ஓட்டு ஸ்விஸ்ஸுக்கு. நான்கு சுற்று, சமமாக முடித்த அணிகளுக்கு ஹோர்ட் முறையில் (கீழே விளக்குகிறேன்) பரிசு, ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு சிறு தொகை. காரணம் ஒன்றே ஒன்று: இரண்டு அணிகளில் எது மேல் என்று உங்கள் தரவரிசையால் எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறதோ, அந்த அளவுக்குத்தான் பரிசிலும் வித்தியாசம் இருக்க வேண்டும். மற்ற வழிகள் இரண்டும் இங்கேதான் தடுமாறுகின்றன.

முதலில் நாக்-அவுட். பணத்தை மேலே குவித்தால் என்ன ஆகும் என்பதை டோட்டா 2 என்ற கணினி ஆட்டத்தின் உலகப் போட்டியான தி இன்டர்நேஷனலில் பார்க்கலாம். 2021-இல் புக்கரெஸ்ட்டில் நடந்த பத்தாவது போட்டிக்குப் பரிசு 4 கோடி டாலருக்குச் சற்று மேல். முதலிடத்துக்கு 45.5 சதவீதம், இரண்டாமிடத்துக்கு 13. இறுதிப் போட்டி ஐந்தாவது ஆட்டம் வரை இழுத்து, டீம் ஸ்பிரிட் 3–2 என்ற கணக்கில் பிஎஸ்ஜி.எல்ஜிடியை வென்றது. ஸ்பிரிட்டுக்குச் சுமார் 1.82 கோடி டாலர், எல்ஜிடிக்குச் சுமார் 52 லட்சம். அந்த ஐந்தாவது ஆட்டத்தின் விலை மட்டும் 1.3 கோடி டாலர்! 2018 வான்கூவரிலும் இதே எல்ஜிடி, இதே 3–2 கணக்கில், ஓஜியிடம் இறுதிப் போட்டியைத் தோற்றிருந்தது. உலகப் போட்டிக்கு அந்தப் பரபரப்பு தேவையாக இருக்கலாம். அதே பங்கீட்டை நம் ஒரு லட்சத்துக்குப் போட்டால் முதல் அணிக்கு 45,500, இரண்டாம் அணிக்கு 13,000. முதல் சுற்றிலேயே தோற்கும் எட்டு அணிகளுக்குக் கிடைப்பது 2,000 அல்லது 1,500. வெளியூரிலிருந்து வந்த ஐந்து பேருக்கு அது ஒருவழிப் பேருந்துக் கட்டணத்துக்கே பற்றாது.

பணத்தை விடுங்கள், வரிசையே சரியாக வராது. நாக்-அவுட்டில் முதலிடம் யார் என்பது தெரியும், அதற்குக் கீழே எல்லாம் குலுக்கல்தான். போட்டியின் இரண்டாவது பலமான அணி முதல் சுற்றிலேயே சாம்பியனைச் சந்தித்தால் 9 முதல் 16 என்ற மொத்தக் கட்டுக்குள் போய்விடும். ‘நேரம் மிச்சமாகுமே’ என்பார்கள், ஆனால் 16 அணிக்கு நாக்-அவுட்டும் நான்கு சுற்று, ஸ்விஸ்ஸும் நான்கு சுற்று. கடிகாரத்தில் இரண்டும் ஒன்றுதான். நாக்-அவுட்டில் மொத்தம் 15 ஆட்டங்கள், ஸ்விஸ்ஸில் 32. கூடுதலாக வேண்டியது கடைசிச் சுற்று வரை எட்டு லாபிகளும் (ஓர் ஆட்டம் நடக்கும் ஆன்லைன் அறைகளும்), அவற்றைப் பார்த்துக்கொள்ள நான்கு அட்மின்களும். இரண்டு முறை தோற்றால்தான் வெளியே என்கிற டபுள் எலிமினேஷன் நியாயமான வழிதான், ஆனால் ஒருமுறை தோற்றவர்கள் ஆடும் கீழ்ப் பிராக்கெட் இழுத்துக்கொண்டே போகும், ஒரு நாளில் முடிப்பது கடினம்.

அடுத்து ரேட்டிங். எலோவின் கணக்கு எளிது. 200 புள்ளி அதிகமுள்ள அணி வெல்ல 76 சதவீத வாய்ப்பு உண்டு என்று அது எதிர்பார்க்கும். ஓர் ஆட்டத்தில் அதிகபட்சம் எத்தனை புள்ளி மாறலாம் என்கிற கே மதிப்பை 32 என்று வைத்தால், பலமான அணி வென்றால் சுமார் 8 புள்ளி ஏறும், பலவீனமான அணி கவிழ்த்தால் சுமார் 24 ஏறும். சதுரங்கத்தில் 1970 முதல் உலகக் கூட்டமைப்பான ஃபிடே இதைத்தான் வைத்திருக்கிறது. ஆனால் சதுரங்கத்தில் ஆடுபவர் ஒருவர். இங்கே ரோஸ்டர் (அணியின் ஆட்கள் பட்டியல்) மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். ரேட்டிங் யாருக்குச் சொந்தம்? அணியின் பெயருக்கா, ஆட்களுக்கா? ஐந்தில் மூன்று பேராவது தொடர்ந்தால் ரேட்டிங் தொடரும், இல்லாவிட்டால் புதிதாகத் தொடங்கும் என்று விதி எழுதாமல் இதில் இறங்கவே கூடாது. விதி இல்லாவிட்டால் பெயரை மாற்றிக்கொண்டு பலமான அணி ஒன்று புது அணியாக வந்து நிற்கும்.

கவுன்டர்-ஸ்ட்ரைக்குக்கு வால்வ் நிறுவனம் வைத்திருக்கும் தரவரிசையின் கணக்கு முழுவதும் கிட்ஹப் என்ற நிரல் பகிரும் இணையதளத்தில் திறந்தே கிடக்கிறது. கடந்த ஆறு மாத ஆட்டங்கள், வென்ற பரிசுப் பணம், தோற்கடித்த அணிகள் வென்ற பரிசுப் பணம், ஒரே அரங்கில் நேரடியாக ஆடும் லேன் போட்டி வெற்றிகள் ஆகியவற்றை வைத்து ஆரம்பப் புள்ளி போட்டு, பிறகு நேருக்கு நேர் முடிவுகளால் திருத்துவார்கள். யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம் என்பது பெரிய நல்ல விஷயம். ஆனால் பரிசுப் பணம் தரவரிசையைத் தீர்மானிக்கிறது, தரவரிசை அடுத்த போட்டிக்கு அழைப்பைத் தீர்மானிக்கிறது, அழைப்பு கிடைத்த அணிக்கே மறுபடி பணம் வெல்ல வாய்ப்பு. இந்தச் சக்கரத்தில் வெளியிலிருந்து ஏறுவது கடினம். ரேட்டிங்குக்குப் பரிசையோ இடத்தையோ நேரடியாகக் கட்டினால் ஆட்கள் ரேட்டிங்கையே துரத்துவார்கள். 2023 டிசம்பரில், உலக சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் ரேட்டிங்கால் கிடைக்கும் இடத்துக்காக கிராண்ட்மாஸ்டர் அலிரெசா ஃபிரூஸ்ஜாவுக்கு பிரான்ஸின் சார்த்ர் நகரில் அவசர அவசரமாக ஆட்டங்கள் ஏற்பாடு செய்யப்பட்டதை சதுரங்கம் பார்க்கிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முதல் சுற்றில் யாருக்கு யார் என்று சீடிங் போட ரேட்டிங்கைப் பயன்படுத்துங்கள், பணத்தை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

இப்போது ஸ்விஸ். 16 அணி, ட்ரா கிடையாது, ஒவ்வொரு சுற்றிலும் ஒரே வெற்றிக் கணக்கு உள்ளவர்களே மோதுகிறார்கள். நான்கு சுற்று முடிவில் வெற்றி–தோல்விக் கணக்கு தானாக இப்படி விழும்: 4–0 ஓர் அணி, 3–1 நான்கு, 2–2 ஆறு, 1–3 நான்கு, 0–4 ஒன்று. சாம்பியன் யார் என்பதில் சந்தேகமே இல்லை. அதுவரை தோற்காத இரண்டு அணிகள் கடைசிச் சுற்றில் தானாகவே மோதும். ஸ்ட்ரீமில் அதையே இறுதிப் போட்டியாகக் காட்டலாம், மூன்று மேப் (ஆட்டக் களங்கள்) வைக்கலாம்.

சிக்கல் அந்த நான்கு 3–1 அணிகளில்தான். 2 முதல் 5 வரை வரிசைப்படுத்த வழக்கமாகப் பயன்படுவது புக்கோல்ஸ், அதாவது நீங்கள் சந்தித்த எதிரணிகளின் வெற்றிகளைக் கூட்டுவது. பலமானவர்களோடு ஆடியவருக்கு மேலிடம் என்பது கேட்க நியாயமாக இருக்கும். கிட்டப் போய்ப் பாருங்கள்.

ஓர் அணி முதல் சுற்றில் தோற்று அடுத்த மூன்றையும் வென்றது. அதன் இரண்டாம் சுற்று எதிரணி அப்போது 0–1, இதனிடமும் தோற்று 0–2, ஆக அதிகபட்சம் 2 வெற்றி. மூன்றாம் சுற்று எதிரணி 1–2 ஆகிறது, அதற்கும் அதிகபட்சம் 2. நான்காம் சுற்று எதிரணி சரியாக 2. முதல் சுற்றில் இதை வென்ற அணி சாம்பியனாகவே இருந்தாலும் 4. மொத்தம் 10-ஐத் தாண்டவே முடியாது, குறைந்தபட்சம் 4 வரை இறங்கலாம்.

இன்னோர் அணி முதல் மூன்றையும் வென்று கடைசியில் சாம்பியனிடம் தோற்றது. அதே கணக்கைப் போட்டால் அதன் புக்கோல்ஸ் 7-க்குக் கீழே போகாது, 13 வரை ஏறலாம்.

இரண்டும் 3–1. தோற்றது எந்தச் சுற்றில் என்பதே வித்தியாசத்தில் பெரும்பகுதியைத் தீர்மானித்துவிட்டது. அந்த முதல் சுற்று ஜோடியோ சீடிங் பட்டியலிலிருந்தோ குலுக்கல் சீட்டிலிருந்தோ வந்தது. இந்த எண்ணை வைத்து ஓர் அணிக்கு 16,000, இன்னோர் அணிக்கு 4,000 என்று எழுதுவது அநியாயம். புக்கோல்ஸையே தூக்கி எறியவும் முடியாது, ஏனென்றால் சாம்பியனிடம் மட்டும் தோற்ற அணி உண்மையிலேயே கடினமான பாதையில் வந்தது.

செக் கிராண்ட்மாஸ்டர் விளாஸ்டிமில் ஹோர்ட்டின் பெயரில் வழங்கும் முறை இதற்குத்தான் பொருந்துகிறது. சதுரங்கப் போட்டிகளில் இது நன்கு பழகிய ஏற்பாடு. ஒவ்வோர் அணிக்கும் அதன் இடத்துக்கான பரிசில் பாதி. மீதிப் பாதிகளை ஒன்றாகக் கூட்டி, சமமாக முடித்த எல்லோருக்கும் சரிசமப் பங்கு. புக்கோல்ஸ் போன்ற டை-பிரேக்குக்கு (சமமானவர்களைப் பிரிக்கும் கணக்குக்கு) மதிப்பு உண்டு, ஆனால் பாதிதான்.

ஒரு லட்சத்தில் இதைப் போட்டுப் பார்க்கலாம். 32 ஆட்டங்கள், வெற்றிக்கு 1,000 வீதம் 32,000. மீதி 68,000 இடத்துக்கு: முதலிடம் 26,000, 2 முதல் 5 வரை 16,000, 10,000, 6,000, 4,000, ஆறு 2–2 அணிகளுக்குத் தலா 1,000. 3–1 அணிகளின் பங்கு மொத்தம் 36,000, சராசரி 9,000, அதில் பாதி 4,500. வெற்றிப் பணத்தையும் சேர்த்தால் கைக்கு வருவது:

முதலிடம்: 30,000
இரண்டாமிடம்: 8,000 + 4,500 + 3,000 = 15,500
மூன்றாமிடம்: 5,000 + 4,500 + 3,000 = 12,500
நான்காமிடம்: 3,000 + 4,500 + 3,000 = 10,500
ஐந்தாமிடம்: 2,000 + 4,500 + 3,000 = 9,500
2–2 அணிகள்: தலா 3,000
1–3 அணிகள்: தலா 1,000

மொத்தம் சரியாக ஒரு லட்சம். 3–1 அணிகளுக்குள் மேலும் கீழும் உள்ள இடைவெளி 12,000-லிருந்து 6,000 ஆகிவிட்டது. வெற்றிக்கு 1,000 என்பது கடைசிச் சுற்றுக்கு உயிர் கொடுக்கிறது. அது இல்லாவிட்டால் 0–3 அணி கிளம்பி வீட்டுக்குப் போய்விடும். ஆட்டங்களின் எண்ணிக்கை முன்கூட்டியே தெரிவதால் பட்ஜெட்டும் கைமீறாது.

ஸ்விஸ்ஸில் தவறுவது எங்கே என்றும் சொல்ல வேண்டும். ஓர் அணி நடுவில் விலகினால் அதோடு ஆடியவர்களின் புக்கோல்ஸ் காரணமில்லாமல் சரியும். ஒவ்வோர் அணிக்கும் மிகக் குறைந்த வெற்றியுள்ள ஓர் எதிரணியைக் கணக்கிலிருந்து விட்டுவிடுங்கள், பாதிப்பு பெருமளவு அடங்கும். 17-ஆவதாக ஓர் அணியைக் காத்திருப்பில் வையுங்கள், இல்லாவிட்டால் 15 ஆகி ஒவ்வொரு சுற்றிலும் ஒருவருக்கு ‘பை’ (எதிரணி இல்லாமலே வெற்றி) கொடுக்க வேண்டிவரும். வாக்-ஓவரில் வெற்றியும் 1,000 ரூபாயும் வந்து நின்ற அணிக்கே. ஒருமுறை மோதியவர்கள் மறுபடி மோதக் கூடாது. புக்கோல்ஸும் சமமானால் ஆட்டங்களுக்குள் வென்ற, தோற்ற ரவுண்டுகளின் வித்தியாசம் பார்க்கலாம். ஓவர்டைம் வரை போன ஆட்டத்தை எத்தனையில் முடிந்தாலும் 1 என்றே எழுதுங்கள். நேருக்கு நேர் முடிவை டை-பிரேக்காக வைக்காதீர்கள், நான்கு 3–1 அணிகளுக்குள் பாதி ஜோடிகளாவது ஒன்றையொன்று சந்தித்தே இருக்காது.

பல அணிகள் ஒரே களத்தில் இறங்கி கடைசியாக நிற்பவர் வெல்லும் பேட்டில் ராயலுக்கு இதே யோசனையை அவ்வளவு உறுதியாகப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே எல்லோரும் ஒரே லாபியில் ஆடுவதால் ஸ்விஸ்ஸுக்கு வேலையில்லை, பாயின்ட் டேபிள்தான். அதில் பார்க்க வேண்டியது இடத்துக்கும் கில்லுக்கும் (எதிரியை வீழ்த்துவதற்கும்) தரும் புள்ளிகளின் விகிதம். பப்ஜி வகையில் 10, 6, 5, 4, 3, 2, 1, 1 என்று போட்டால் ஓர் ஆட்டத்தில் இடப் புள்ளிகள் 32தான். 64 பேர் ஆடுவதால் கில் புள்ளி 60 வரை வரும், ஆக மூன்றில் இரண்டு பங்கு கில்லுக்கே. ஃப்ரீ ஃபயரின் 12, 9, 8, 7, 6, 5, 4, 3, 2, 1 கணக்கில் இடப் புள்ளிகள் 57, 48 பேர் லாபியில் கில் 44 சொச்சம். முதலாவது முட்டி மோதும் அணிக்குச் சாதகம், இரண்டாவது பொறுமையாகச் சோனுக்குள் (சுருங்கிவரும் பாதுகாப்பு வட்டத்துக்குள்) நகரும் அணிக்கு. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸின் உலகத் தொடர் இறுதியில் இருப்பது போல 50 புள்ளி எட்டிய பிறகு ஓர் ஆட்டம் வென்றால்தான் கோப்பை என்று வைத்தால் பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் எத்தனை ஆட்டம் நடக்கும் என்று முன்பே தெரியாது, அதனால் வெற்றிக்கு இவ்வளவு என்று தொகை ஒதுக்க முடியாது. அதிகப் புள்ளி எடுத்த அணி கோப்பை இல்லாமல் போகவும் கூடும்.

பரிசை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். 2025-இன் ஆன்லைன் கேமிங் சட்டம் இ-ஸ்போர்ட்ஸில் பதிவுக் கட்டணத்தைப் பங்கேற்கவோ நிர்வாகச் செலவை ஈடுகட்டவோ மட்டுமே அனுமதிக்கிறது, பந்தயத்துக்கு இடமில்லை. எனவே ‘தலைக்கு 500, வசூலானதெல்லாம் பரிசு’ என்ற பழைய பாணியை விட்டுவிட்டு, பரிசை ஸ்பான்சர் பணத்திலிருந்து தனியாக வையுங்கள். அறிவிக்கும் தொகை வரிப் பிடித்தத்துக்கு முன்பா பின்பா என்பதைப் போஸ்டரிலேயே எழுதிவிடுங்கள். பிடித்த கணக்கை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்.

அணிக்குள் சண்டை வருவது பெரும்பாலும் சப்ஸ்டிட்யூட் ஆடும்போதுதான். ஐந்து பேர் நான்கு மேப் ஆடினால் 20 பங்கு. 15,500 வென்ற அணியில் ஒரு பங்கு 775 ரூபாய், ஒரு மேப் மட்டும் ஆடியவருக்கு 775, அவருக்காக ஒரு மேப் உட்கார்ந்தவருக்கு 2,325, மற்ற நால்வருக்கும் தலா 3,100. கடைசிச் சுற்றில் மூன்று மேப் வைத்தாலும் அதை ஓர் ஆட்டமாகவே எண்ணுங்கள். செக்-இன் செய்யும்போதே ஆறு பேரின் வங்கிக் கணக்கையும் கையெழுத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு, கேப்டன் கையில் மொத்தமாகக் கொடுக்காமல் அவரவர் கணக்கில் போடுங்கள்.