எமரால்டு அணை: மாவா, ஸ்பின்னரா?

நீலகிரியில் எமரால்டு, அவலாஞ்சிப் பக்கம் மீன் பிடிக்க ஒரே தூண்டில் கம்போடு கிளம்புகிறவர்களுக்கு வரும் குழப்பம் இது: இரையாக மாவு உருண்டையா, ஸ்பின்னரா (இழுக்கும்போது தகடு சுழலும் செயற்கை இரை)?

மீன்: மாவுக்குச் சாதாக் கெண்டை; ஸ்பின்னருக்கு டிரவுட்.
செலவு: மாவு அடுப்படியிலேயே இருக்கிறது. ஸ்பின்னர் பாறையில் சிக்கினால் போனதுதான்.

மாவில் பெரிய தொல்லை, வீசும்போதே உதிர்வது. கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து, பஞ்சைப் பிய்த்துக் கலந்தால் கொக்கியில் நிற்கும். ஈயக்குண்டு தங்கூஸில் (நைலான் தூண்டில் நரம்பில்) தாராளமாக ஓட வேண்டும். இழுக்கும்போது பாரம் தட்டினால் கெண்டை இரையைத் துப்பிவிடும்.

ஸ்பின்னர் 5 முதல் 7 கிராம் போதும். ஸ்விவல் (சுழலும் இணைப்பு வளையம்) கட்டாவிட்டால் தங்கூஸ் முறுக்கேறி ரீலில் சிடுக்காகும். டிரவுட்டுக்குக் குளிர்ந்த, ஓட்டமுள்ள தண்ணீர்தான் பிடிக்கும். ஓடை வந்து சேரும் இடமாகப் பார்த்து வீசுங்கள்.

பிள்ளைகளோடு ஒரே இடத்தில் உட்காருவதென்றால் மாவு. விடியலில் கரையோரம் நடக்க முடிந்தால் ஸ்பின்னர்தான். எதுவானாலும் மீன்வளத் துறை அனுமதியை முதலில் வாங்கிவிடுங்கள்.