டவர் ஏறும் பசங்களோடு இரண்டு நாள் வகுப்பு: கொடுத்த காசுக்குத் தகுமா?

தாராபுரம் பக்கம் செல்போன் டவர் வேலைக்கு ஆள் விடுகிறவன் நான். ஆறு பசங்க இருக்கிறார்கள். போன மாதம் அந்த ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு, ஏழாவது ஆளாக நானும், பல்லடம் ரோட்டில் ஒரு தனியார் பயிற்சிக்கூடத்துக்குப் போய் வந்தேன். உயரத்தில் வேலை செய்வதற்கான இரண்டு நாள் வகுப்பு, தலைக்கு 4,500 ரூபாய், மதியச் சாப்பாடு சேர்த்து. இடத்தின் பெயரைப் போடவில்லை. புகழ்ந்தால் விளம்பரம் என்பீர்கள், குறை சொன்னால் அவர்கள் போன் போடுவார்கள், இரண்டுக்கும் எனக்கு நேரமில்லை.

ஆசைப்பட்டுப் போனேன் என்று நினைக்க வேண்டாம். சான்றிதழ் இல்லாத ஆளை இனிமேல் சைட்டுக்குள் விடமுடியாது என்று எனக்கு மேலே இருக்கும் வெண்டர் சொல்லிவிட்டார். அவருக்கு மேலே ஒரு வெண்டர், அதுக்கும் மேலே பெரிய கம்பெனி. உத்தரவு மட்டும் மேலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிடும், செலவு என்று வரும்போது கடைசியில் நிற்கிறவன் தலையில் வந்து உட்காரும். சரி, அதை அப்புறம் பார்ப்போம்.

முதல் நாள் முழுக்க வகுப்புதான். திரையில் ஓடியதெல்லாம் இங்கிலீஷும் இந்தியும், என் பசங்களில் நாலு பேருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. நல்லவேளை, பாடம் எடுத்தவர் உடுமலைக்காரர், பல வருஷம் காத்தாடியில், அதாவது காற்றாலையில் ஏறி வேலை பார்த்தவர். திரையை விட்டுவிட்டு நம்ம பேச்சில் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் பசங்க நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். காற்றாலைக் கம்பெனிகள் தாங்களாகவே கூடி குளோபல் விண்ட் ஆர்கனைசேஷன் என்று ஒன்றை வைத்துக்கொண்டு, எந்த நாட்டில் ஏறுகிறவனுக்கும் ஒரே பாடம் என்று ஆக்கிவிட்டதையும், அதில் உயர வேலைக்கான சான்றிதழ் இரண்டு வருஷம்தான் செல்லும், அது முடிந்தால் திரும்ப வந்து கயிற்றில் தொங்கிக் காட்ட வேண்டும் என்பதையும் அவர் சொன்னபோது கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. ஒரே காட்டில் காத்தாடியும் நிற்கிறது, செல்போன் டவரும் நிற்கிறது, ஏறுகிறவனுக்கு இருக்கும் மதிப்பு மட்டும் வேறு வேறு.

மூத்த பையன் ஒருத்தன், "ஏனுங்க சார், டவர்காரங்களுக்கு அந்த மாதிரி ஒண்ணுமே இல்லீங்களா?" என்று கேட்டான். அதற்கு அவர் அமெரிக்கக் கதையைச் சொன்னார். அங்கே 2013இல் மட்டும் டவர் வேலையில் 13 பேர் இறந்துபோனார்கள். 4ஜிக்கு மாற்றும் அவசரம், கான்ட்ராக்டுக்குள் கான்ட்ராக்ட். 2014 அக்டோபரில் அந்த நாட்டுத் தொழிலாளர் துறையும் தகவல்தொடர்பு ஆணையமும் டவர் கம்பெனிகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசின. அதிலிருந்து டிராப் (TIRAP) என்று ஒரு பயிற்சித் திட்டம் வந்தது. சம்பளம் வாங்கிக்கொண்டே வேலை பழகலாம். கட்டாயம் கிடையாது, சேருகிற கம்பெனி சேரலாம். 2017இல் இரண்டு அரசு அமைப்புகளும் சேர்ந்து ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டன. ஏறுகிறவன் என்ன செய்யணும் என்பதோடு நிற்காமல், வேலையைக் கொடுக்கிற கம்பெனி என்ன செய்யணும் என்றும் அதில் இருக்கிறதாம். எனக்குப் பிடித்த இடம் அதுதான். இங்கே 2022 அக்டோபரில் 5ஜி வந்ததிலிருந்து அதே அவசரத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறோம், ஆனால் எனக்கு வருகிற ரேட் ஷீட்டில் ஏறுகிறவன் போடும் பாதுகாப்பு பெல்ட்டுக்கென்று ஒரு வரி கிடையாது. பொள்ளாச்சியில் தென்னை ஏறுகிறவருக்குக்கூட தென்னை வளர்ச்சி வாரியம் பிரீமியத்தில் பங்கு போட்டு விபத்துக் காப்பீடு எடுத்துத் தருகிறது.

மதியச் சாப்பாட்டில் கொள்ளு ரசம் அருமை. பொரியல் வேகவில்லை.

இரண்டாம் நாளுக்காகவே இந்தக் காசைக் கொடுக்கலாம். டவர் மாதிரி ஓர் இரும்புச் சட்டம் நிறுத்தியிருக்கிறார்கள், அதில் ஏறி இறங்க வேண்டும். பெல்ட்டோடு வரும் இரண்டு ஹூக்கில் ஒன்று எப்போதும் கம்பியில் இருக்கணும் என்பது எங்களுக்கும் தெரியும், செய்வதில்லை, அவ்வளவுதான். எனக்குத் தெரியாமல் இருந்தது ஒரு கணக்கு. பெல்ட்டையும் ஹூக்கையும் இணைக்கும் கயிறான லேன்யார்ட் 2 மீட்டர், விழும்போது அதிலிருக்கும் ஷாக் அப்சார்பர், அதாவது இழுப்பின் அதிர்ச்சியைக் குறைக்கும் மடித்த நாடா, பிரிந்து நீளுவது 1.75 மீட்டர் வரை, பெல்ட்டின் முதுகு வளையத்திலிருந்து கால் வரை ஒன்றரை, மேற்கொண்டு ஒரு மீட்டர் இடைவெளி. ஆக, ஹூக் மாட்டிய இடத்துக்குக் கீழே ஆறேகால் மீட்டர் வெட்டவெளி இருக்கணும். கிட்டத்தட்ட 20 அடி. அந்த உயரத்துக்குக் கீழே ஹூக் மாட்டியிருந்து விழுந்தால், பெல்ட் போட்டிருந்தும் தரையில் மோதலாம். கால்மட்டத்தில் மாட்டாதே, தலைக்கு மேலே மாட்டு என்று ஏன் கத்துகிறார்கள் என்பது இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் உறைத்தது.

அப்புறம் மீட்புப் பயிற்சி. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். போன வருஷம் ஆடியில் காங்கேயம் பக்கம் ஒரு டவரில் என் பையன் ஒருத்தன் கால் வழுக்கித் தொங்கிவிட்டான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை, ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது அன்றைக்கு அவனை ஏற்றியது என் தப்பு. பெல்ட் பிடித்துக்கொண்டது, பிழைத்தான் என்று கீழே நிம்மதியாக நின்றோம். இறக்க எங்களிடம் கயிறும் இல்லை, ஆளும் இல்லை, 20 நிமிஷம் ஆனது. கால் மரத்துப்போய், முகம் வெளுத்து வந்து சேர்ந்தான். அசையாமல் தொங்குகிறவனுக்கு ரத்தம் கால்களில் தேங்கி, சில நிமிஷங்களிலேயே மயக்கம் வரலாம், உயிரே போகலாம் என்று இந்த வகுப்பில் கேட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. பெல்ட்டிலேயே ஒரு வார் வளையம் வைத்திருந்தால் தொங்குகிறவன் அதில் காலை ஊன்றி எழுந்து நிற்கலாம், ரத்தம் ஓடும். சின்ன நாடாத் துண்டு அது, அன்றைக்கு எங்களிடம் இல்லை. ஃபயர் சர்வீஸ் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, ஏறுவதற்கு முன்பே யார் இறக்குவது என்று முடிவு செய்திருக்கணும் என்றார் பாடம் எடுத்தவர். பொம்மையைத் தொங்கவிட்டு ஏழு பேரும் இறக்கிப் பழகினோம். என் முறையில் கயிறு சிக்கிக்கொண்டது, பசங்க சிரித்தார்கள்.

குறைகள் உண்டு. பழகக் கொடுத்த ஹார்னஸ், அதாவது உடம்பில் மாட்டும் அந்த பெல்ட், இரண்டில் லேபிளே அழிந்துபோயிருந்தது. லேபிளைப் பார்க்காமல் ஹார்னஸ் போடாதே என்று காலையில் சொன்னவர்களே மதியம் அதைக் கையில் கொடுக்கிறார்கள். ஆண்டெனாவின் கதிர்வீச்சைப் பற்றிப் பத்தே நிமிஷம், எங்கள் வேலைக்கு அது போதவே போதாது. கடைசிப் பரீட்சை வெறும் சடங்கு. பொம்மை இன்னும் கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஆபீஸில் சான்றிதழ் பிரிண்ட் ஆகிக்கொண்டிருந்தது. சான்றிதழுக்காக மட்டும் ஆள் அனுப்புகிறவர்களுக்கு இது வசதியாகத்தான் இருக்கும்.

திரும்பி வந்ததும் கோயம்புத்தூரில் ஏழு டபுள் லேன்யார்ட் செட்டும் ஒரு மீட்புக் கயிறும் வாங்கினேன். பாதிப் பணமாவது தரச் சொல்லி வெண்டரிடம் கேட்டதற்கு, "பார்க்கலாங்க" என்றார். எங்கள் ஊரில் அதுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

நாளைக்கு மூலனூர் சைட். மேலே இரண்டு பேர், கீழே கயிறோடு ஒருத்தன். சும்மா நிற்கிறவனுக்கு எதுக்குங்க கூலி என்று வெண்டர் கேட்டுவிட்டார். இந்த மாதம் அது என் கையிலிருந்து போகிறது.